அறுபது பயணிகளும் ஒரு ஜன்னலும்: மட்டி எடுக்க ஆயிரத்து எண்பத்தாறு கிலோமீட்டர்

இது ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் அல்ல. படங்களுக்காக வந்தவர்கள் மன்னிக்கவும், மொத்தம் நான்குதான் எடுத்தேன், அதில் மூன்றில் என் கட்டைவிரல் இருக்கிறது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வியாழன் மதியம் ஒரு மணிக்கு மான்ட்ரியலில் கிளம்பி வெள்ளி மாலை திரும்பினேன். போக வர 1,086 கிலோமீட்டர். எடுத்து வந்தது அறுபது மட்டிகள். செயின்ட் லாரன்ஸ் ஆறு கடலாக மாறும் கரையைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவலாம் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் முதுகு வலிக்கிறது.

நான் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். பிறந்தது கோவையில். மலையை மட்டும் பார்த்து வளர்ந்தவள் ஏழு வருடமாகக் கடல் மட்டியின் பசையைப் படிக்கிறேன் என்றால் என் வீட்டில் இன்னும் யாரும் நம்புவதில்லை. இங்கே உணவகங்களில் ஒரு வாளி நிறைய வேகவைத்து, வறுத்த உருளைக்கிழங்கோடு 'மூல்' என்று கொண்டுவந்து வைப்பார்களே, அந்தக் கறுநீல ஓட்டு மட்டிதான். அதன் ஓட்டோரம் தாடி போல ஒரு நார்க்கொத்து தொங்கும். சமையலறையில் அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். எனக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் குப்பை.

மட்டிக்கு நாக்கு போல ஒரு கால் உண்டு. அதை நீட்டிப் பாறையைத் தடவிப் பார்க்கும். இடம் பிடித்துவிட்டால் நுனியை அழுத்தி அங்கிருக்கும் நீரைத் தள்ளிவிட்டு, காலில் இருக்கும் பள்ளத்துக்குள் புரதத்தைச் சுரக்கும். சில நிமிடங்களில் ஒரு நாரும், நார் நுனியில் ஒரு பசைப் பொட்டும் தயாராகிவிடும். பிறகு காலை இழுத்துக்கொண்டு அடுத்த நாருக்குப் போகும். கடையில் வாங்கும் பசை எல்லாம் ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒட்டச் சொல்கிறது. இதுவோ தண்ணீருக்குள்ளேயே, பாசி வழுக்கும் பாறையில், அலை அடிக்க அடிக்க ஒட்டுகிறது. நம் உடம்புக்குள் எல்லாமே ஈரம் என்பதால் மருத்துவர்களுக்கும் இதில் ஓர் ஆசை உண்டு.

ஜூலைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொட்டியைக் கழுவுவதற்காகக் குளிர்விக்கும் இயந்திரத்தை அணைத்தேன், மறுபடி போட மறந்துவிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் நான்கு மாதமாக வளர்த்த எண்பது மட்டிகளும் வாய் பிளந்து கிடந்தன. "இயந்திரம் நின்னுடுச்சு" என்று பேராசிரியரிடம் சொன்னேன். யார் நிறுத்தியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது. கடைசி அளவீடு ஒன்றுதான் பாக்கி. மட்டி வளர்க்கும் பண்ணை மூன்று வாரம் ஆகும் என்றது. மீன் சந்தையில் வாங்கியவை பனிக்கட்டியில் பல நாள் கிடந்து களைத்தவை, தொட்டியில் போட்டால் என்னைப் போலவே ஒன்றும் செய்யாமல் கிடந்தன. எடுப்பதற்கான அனுமதி ஆய்வகத்திடம் இருந்தது. ஆகவே நானே போய் எடுத்து, உயிரோடு கொண்டுவந்து சேர்த்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் நான்கு மாத வேலையும் வீண்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி சிவநேசன் அண்ணா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. காலையில் கார்டெரி என்னும் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளையும் மாலையில் கோயிலுக்குப் போகும் பெரியவர்களையும் ஏற்றும் ஏழு இருக்கை வேன் வைத்திருக்கிறார். இரண்டு நாளுக்கு 380 டாலர், பெட்ரோல் தனி என்று பேசினோம். "ஆய்வகச் சாமான் கொஞ்சம் எடுத்துட்டு வரணும்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மறைக்க நினைக்கவில்லை. விளக்கிச் சொல்லத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

நகரத்தை விட்டு வெளியேறவே ஐம்பது நிமிடம். டிரம்மண்ட்வில் பக்கம் நிறுத்தியபோது மணி இரண்டரை, 110 கிலோமீட்டர் முடிந்திருந்தது. டெப்பனர் எனப்படும் ஒரு தெருமுனைக் கடையில் இரண்டு முட்டை சாண்ட்விச் வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம் பிள்ளை. நல்லூர் கொடியேறீட்டுது. இருபத்தஞ்சு நாளும் மச்சம் தொடமாட்டன். முட்டையும் மச்சக் கணக்குத்தான்."

மச்சம் என்றால் மீன், இறைச்சி எல்லாம் அடக்கம். யாழ்ப்பாணத்தில் நல்லூர் முருகன் கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் இங்கே மான்ட்ரியலில் இருப்பவர்களும் மரக்கறிக்கு மாறிவிடுவார்கள் என்பது ஏழு வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் தினமும் மீன் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவர் மடியில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்த பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டார். "அது சரி, பின்னுக்கு ரெண்டு பெரிய பெட்டி வெறுமையாக் கிடக்கு. திரும்பேக்கை என்ன ஏத்தப்போறம்?"

"மட்டி அண்ணா. அறுபது மட்டி."

அவர் கை நின்றுவிட்டது. வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன முருகன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"என்ரை மனிசிக்குச் சித்திரையிலை வயித்திலை ஒப்பரேசன் நடந்தது, பிள்ளை. சீனி வருத்தக்காரி. காயம் மூடுறதும் திறக்கிறதுமா ரெண்டு தரம் ஆச்சுது. இந்த முறை வீட்டிலை மட்டுமில்லை, இந்த வானுக்குள்ளையும் மச்சம் ஏத்தமாட்டன் எண்டு நேந்து வைச்சிருக்கிறன். நாளைக்கு வெள்ளிக்கிழமை வேறை." சற்று நிறுத்தி, "காசைத் திருப்பித் தாறன். பஸ் நிக்கிற இடத்திலை விட்டுவிடுறன்" என்றார்.

நான் சாண்ட்விச்சை மடியில் வைத்தேன். தொட்டியை நானே கெடுத்தது, மாதக் கடைசி, இந்தப் பசையிலிருந்து ஒருநாள் காயத்துக்கு மருந்து வரலாம் என்பது, எல்லாம் சொன்னேன். பேராசிரியரிடம் சொல்லாததை அந்த வாகன நிறுத்துமிடத்தில் அவரிடம் சொன்னேன்.

அவர் புட்டில் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார். "உயிரோடையோ கொண்டு போறியள், செத்ததையோ?"

"உயிரோடதான். செத்துட்டா எனக்கு ஒண்ணுக்கும் ஆகாது."

"பேந்து ஆரும் தின்னுறதோ?"

"இல்லண்ணா. தொட்டியில விடுவேன். அது ஒட்டுற நாரை மட்டும் வெட்டி எடுத்து அளப்பேன். அதுக்கு நகம் வெட்டுற மாதிரி."

"அப்ப அது மச்சம் இல்லை" என்றார் அவர், ஒரு தீர்ப்பு சொல்வதுபோல. "சமைக்கக் கொண்டு போனால்தான் மச்சம். உயிரோட ஏத்தி உயிரோட இறக்கினால் பயணியள். ஆனால் ஒண்டு. வானுக்குள்ளை ஒண்டுகூடச் சாகக்கூடாது. செத்தால் என்ரை நேர்த்திக்கடன் போச்சு." பிறகு புட்டில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினார். என்னுடைய இரண்டு சாண்ட்விச்சையும் குப்பையில் போட்டுவிட்டு அதைத்தான் சாப்பிட்டேன்.

3:20க்குக் கிளம்பி, லெவி 4:50, ரிவியேர்-டு-லூ 6:45. நெடுஞ்சாலை இருபது நேராகப் போகும், தூங்கவைக்கும் சாலை. ரிவியேர்-டு-லூ தாண்டியதும் இடது பக்கம் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஜன்னல் வழியாக உப்பு மணம் வந்தது. ரிமூஸ்கிக்குச் சற்று முன்னால் ஒரு கிராமத்தில் 7:50க்கு இறங்கினோம். மோட்டல் அறை ஒன்று 124 டாலர், இரண்டு எடுத்தோம். சூரியன் மறைவது மிக அழகாக இருந்ததாக அண்ணா மறுநாள் சொன்னார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டேன்.

வெள்ளி காலை நீர் வடியும் நேரம் 7:12. ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும், வடிந்துகொண்டிருக்கும்போதுதான் கீழ்ப்பாறைகளுக்கு நடக்க முடியும். பழுப்புப் பாசி மூடிய பாறை, ஒவ்வொரு அடியும் வழுக்கும். பாசியை விலக்கினால் கறுப்புக் கொத்துக் கொத்தாக மட்டிகள். பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் நார் உள்ளே வேர் விட்டிருக்கும் இடம் காயப்படும். சின்னக் கத்தரியால் பாறையோரம் நாரை வெட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தேன், முதல் பத்துக்கே அரை மணி ஆனது. முழங்கால் வரை தண்ணீர், விரல்களில் உணர்வு இல்லை.

அண்ணா கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, நான் கேட்காமலேயே இறங்கி வந்துவிட்டார். ஒரு மட்டியை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார், பிறகு முழுக் கையாலும் பிடித்து இழுத்தார். அது வரவில்லை.

"என்ன பிடி பிடிக்குது! மனிசியின்ரை வயித்திலை ஒட்டுற பிளாஸ்டர் ஒரு குளிப்புக்கு நிக்காது. இது கடலுக்குள்ளை நிக்குது." பாறையைப் பார்த்தபடியே, "உதிலையிருந்து காயத்துக்கு மருந்து செய்யலாம் எண்டெல்லோ சொன்னனீங்கள்? எப்ப வரும்?" என்றார்.

நான் ஈரத்தில் குனிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. "பத்து வருஷம் ஆகும் அண்ணா. வராமயும் போகலாம். நான் பண்றது நார் எவ்வளவு தாங்குதுன்னு அளக்கிறது மட்டும்தான்" என்றேன், வெடுக்கென்று. சொன்னது உண்மைதான். சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை.

"ஓம், எல்லாத்துக்கும் நேரம் எடுக்கும்தானே" என்றார். பிறகு நான் வெட்டித் தரத்தர வாங்கி, பெட்டியில் ஒவ்வொன்றாக, முட்டை அடுக்குவதுபோல அடுக்கினார்.

ஒரு தகவல், உயிருள்ள மட்டியைத் தண்ணீரில் போட்டு எடுத்து வரக் கூடாது. குலுங்கும் கொஞ்சத் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அடியில் பனிக்கட்டிப் பைகள், மேலே ஒரு துணி, அதன் மேல் ஈரப் பாசி, பாசிக்குள் மட்டி. ஓட்டை மூடிக்கொண்டு ஒரு நாள் தாங்கும். குளிர் ஆறு டிகிரிப் பக்கம் இருக்க வேண்டும். பெட்டியை வீணாகத் திறக்கக் கூடாது, குளிர் போய்விடும். இதை அண்ணாவிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பேன்.

8:40க்குக் கிளம்பினோம். நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அவரே நிறுத்தினார். கம்பி பெட்டிக்கு உள்ளேயும் திரை வெளியேயுமாகத் தொங்கும் வெப்பமானியை நான் படிப்பேன். "பயணியள் எப்பிடி?" என்பார். "ஏழு டிகிரி" என்பேன். இரண்டு இடத்தில் பனிக்கட்டி வாங்கினோம், பை 3.99. இரண்டாவது பைக்கு அவரே காசு கொடுத்துவிட்டார். நான் இடையில் தூங்கினேன். விழித்தபோதெல்லாம் அவர் நூறில் அளவாக ஓட்டிக்கொண்டிருந்தார். பாட்டுக்கூடப் போடவில்லை.

2:20க்கு லாங்குவேய் பக்கம் வந்து சேர்ந்தோம். அங்கிருந்து டவுன்டவுன் பன்னிரண்டு கிலோமீட்டர். சாலை வேலைக்கான ஆரஞ்சு நிறக் கூம்புகள், ஒரே ஒரு வழித்தடம், வெளியே 33 டிகிரி. இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. வெப்பமானி ஒன்பதைக் காட்டியது. பிறகு பதினொன்று. பதினைந்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாலத்துக்குச் சற்று முன்னால், நின்றுகொண்டிருந்த வேனில், அண்ணா தன் பக்கத்து ஜன்னலைப் பாதி இறக்கினார். அனல் உள்ளே வந்து அடித்தது.

"என்னண்ணா பண்றீங்க? ஏசி எல்லாம் வெளிய போகுது. மூடுங்க, ப்ளீஸ்!" என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்.

"கொஞ்சம் காத்து வரட்டும் எண்டு..."

"காத்து வேணாம்! அதெல்லாம் செத்துடும்!"

அவர் ஜன்னலை ஏற்றிவிட்டார். பாலம் தாண்டும்வரை அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு மன்னிப்புக் கேட்கவும் சக்தியில்லை, வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு ஆய்வகம். தள்ளுவண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய், குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். உயிருள்ள மட்டி வாய் திறந்திருந்தால் விரலால் தட்டியதும் மூடிக்கொள்ளும். முதல் பெட்டி முப்பதும் மூடின. இரண்டாவது பெட்டியில் அடியில் ஒன்று, ஓட்டோரம் விரிசல் விட்டது, தட்டினாலும் மூடவில்லை. நாற்றம் வந்தது. காலையில் வெட்டும்போதே அந்த விரிசலை நான் பார்த்திருக்க வேண்டும். விரல் மரத்துப்போய், அவசரத்தில், அதையும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அண்ணா வாசலிலேயே நின்றார். உள்ளே வரத் தயங்கினார். நான் அந்த ஒன்றைக் கையுறையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டேன்.

"எல்லாம்...?"

"எல்லாம் உயிரோட இருக்குண்ணா."

அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். உடனே மனைவிக்கு ஃபோன் போட்டார். "ஓம், வந்திட்டம். எல்லாம் உயிரோடையாம். ஓமோம், ஒண்டும் ஆகேல்லை. வாறன்." என்னிடம் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சம் ஐம்பத்தொன்பதையும் தொட்டியில் கண்ணாடித் தகடுகள் மேல் வைத்துவிட்டு, குளிர்விக்கும் இயந்திரம் ஓடுகிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போனேன். அந்தக் கையுறைச் சுருளை நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொட்டி முன்னால் நின்றேன். நாற்பத்தொன்று ஒட்டியிருந்தன. கண்ணாடியில் மெல்லிய நார்கள், ஒவ்வொரு நுனியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. எனக்கு வேண்டியது முப்பது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாவுக்கு ஃபோன் செய்தேன்.

"அண்ணா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். ஒண்ணு செத்திருந்தது. வண்டியிலயேதான். என் தப்பு, விரிசல் விட்டதை எடுத்துட்டேன்."

"தெரியும் பிள்ளை" என்றார்.

"எப்படி?"

"கார்டெரிப் பிள்ளையளை ஏத்திற வான். வருசக் கணக்கா எல்லா மணமும் எனக்குத் தெரியும். பாலத்துக்கு முன்னமே மணந்தது. அதுதான் யன்னலைத் திறந்தனான்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னால் நீங்கள் பெட்டியைத் திறந்து தேடுவியள். திறந்தால் குளிர் போயிடும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒண்டு போனாலும் மிச்சம் ஐம்பத்தொன்பது பேர் இருந்தவையெல்லோ."

"உங்க நேர்த்தி?"

"அது எனக்கும் முருகனுக்கும் இருக்கிற விசயம். விரதம் இன்னுமொரு நாள் கூடப் பிடிக்கிறன். மனிசிக்கு மட்டும் சொல்லேல்லை, அவ பயந்திடுவா."

அவருடைய மனைவியின் காயம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்னும் மூடவில்லை, புதன்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு அவரே கேட்டார். "ஒட்டீட்டினமோ?"

"நாப்பத்தொண்ணு ஒட்டியாச்சு அண்ணா."

"காணும்" என்றார், போதும் என்ற அர்த்தத்தில். "அது காணும்."

திங்கட்கிழமை பேராசிரியரின் அறைக்குப் போய், ஜூலையில் இயந்திரத்தை அணைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அளவீட்டை முடி என்று மட்டும் சொன்னார். ஒப்பந்தம் நீளுமா என்று தெரியாது. புதன்கிழமை அண்ணாவையும் அவர் மனைவியையும் மருத்துவமனையில் பார்க்கப் போனேன். கையில் எந்த மருந்தும் இல்லை, இடியாப்பம்தான் கொண்டுபோனேன்.

போக நினைப்பவர்களுக்கு. போக மட்டும் பகலில் ஆறரை மணி நேரம் ஒதுக்குங்கள். மான்ட்ரியலுக்குள் திரும்புவதற்கு இன்னொரு மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு. நீர் வடியும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு மோட்டலைப் பதிவு செய்யுங்கள். ரப்பர் அடி உள்ள பழைய காலணி அவசியம். மட்டியைத் தொட்டுப் பாருங்கள், எடுக்காதீர்கள். அனுமதி வேண்டும், அந்தக் கரைகளில் பல இடத்தில் அவை சாப்பிட உகந்தவையும் அல்ல. ஆகஸ்டில் யாழ்ப்பாணத்து ஓட்டுநரோடு போனால் முட்டை வாங்காதீர்கள், என்ன ஏற்றப் போகிறீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசியாக, கொளுத்தும் வெயிலில், நெரிசலில், அவர் தன் பக்கத்து ஜன்னலை இறக்கினால் கத்தாதீர்கள். கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும்.